வானவழியில் தூரம் வேறு, நேரம் வேறு

திருத்தணி, சென்னை, பெங்களூரு ஆகிய மூன்று ஊர்களும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் அமைந்தவை. சுவரில் தொங்கும் உலகப்படத்தைப் பார்க்கும் இவ்வூரார், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவுக்கு நேர்வழி கிழக்கே பசிபிக் பெருங்கடலின் குறுக்காகவே செல்லும் என்று கொள்வது இயல்பு. ஆனால், உருண்டையின் மீது நேர்வழி என்பது பெருவட்டம், அதாவது இரு ஊர்களோடு பூமியின் மையத்தையும் சேர்த்து வெட்டினால் பரப்பில் கிடைக்கும் கோடு. அக்கோடு திருத்தணியிலிருந்து திபெத், மங்கோலியா, சைபீரியா என வடக்கே ஏறி, பெரிங் நீரிணையை ஒட்டிச் சென்று, அலாஸ்கா வழியாக இறங்கி, சுமார் 13,900 கி.மீ.யில் சான் பிரான்சிஸ்கோவைத் தொடுகிறது.

எனினும், மிகக் குறுகிய வழியே மிக விரைவான வழி என்று முடிவுகட்ட இயலாது. ஏர் இந்தியாவின் தில்லி–சான் பிரான்சிஸ்கோ விமானம் அட்லாண்டிக் வழியாகச் சுமார் 13,900 கி.மீ. பறந்துவந்தது, 2016 அக்டோபர் 16 அன்று அது கிழக்கே திரும்பி, பசிபிக் வழியாகச் சுமார் 15,300 கி.மீ. பறந்தும், பதினான்கரை மணி நேரத்தில், பழைய வழியைவிட முன்னதாகவே சேர்ந்தது. திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படிகளேறிச் செல்பவரைவிட, மலையைச் சுற்றும் நீண்ட பாதையில் வண்டியில் செல்பவர் முன்னதாகச் சந்நிதி சேர்வதைப் போன்றது இது. வானில் அந்த வண்டியின் வேலையைச் செய்வது காற்று. விமானங்கள் பறக்கும் 10 கி.மீ. உயரத்தை ஒட்டி, மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் எனப்படும் கடுங்காற்று வீசுகிறது. மேற்கே செல்லும் விமானத்தை அது தடுக்கிறது, கிழக்கே செல்வதைத் தள்ளிவிடுகிறது. அந்த ஏர் இந்தியா விமானம், கிழக்கே கடப்போரின் தேதியை ஒரு நாள் பின்னுக்குத் தள்ளும் பன்னாட்டுத் தேதிக்கோட்டையும் கடந்ததால், 16ஆம் தேதி அதிகாலையில் புறப்பட்டு, நடுவானில் 15ஆம் தேதிக்குள் புகுந்து, மீண்டும் 16ஆம் தேதி காலையிலேயே தரையிறங்கியது என்பது எண்ணி எண்ணி வியக்கத்தக்கது.

எதிர்த்திசையிலோ வழி வேறு: 2021 ஜனவரியில் பெண் விமானிகள் மட்டுமே இயக்கிய ஏர் இந்தியா விமானம், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வடதுருவத்தின் வழியாகப் பெங்களூருவை அடைய ஏறத்தாழ 17 மணி நேரமானது.

இவற்றையெல்லாம் விளங்கிக்கொள்ளக் கணினி தேவையில்லை, பள்ளியிலுள்ள பூகோள உருண்டையே போதும். அது அலமாரியில் பூட்டப்பட்டுத் தூசு படிந்திருக்க, வடபுலத்தை அகல விரித்துக் காட்டும் தட்டைப்படத்தை மட்டுமே பார்த்துப் பிள்ளைகள் வளர்வது வருந்தத்தக்க புறக்கணிப்பாகும். ஆசிரியர்கள் அந்த உருண்டையை வெளியே எடுத்து, ஒரு நூலின் முனையைத் திருத்தணி இருக்குமிடத்திலும் மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோவிலும் வைத்து இறுக்கிப் பிடிக்கட்டும். நூல் எந்தெந்த நாடுகளின் மீது படிகிறது என்பதைப் பிள்ளைகளே படித்துச் சொல்லட்டும்.