டிரஸ்டிகளாக யாரைத் தேடுகிறோம்?



நமது மருத்துவமனையின் நிர்வாக சபையில் மூன்று டிரஸ்டிகளின் பதவிக்காலம் முடிவடைகிறது. அவ்விடங்களுக்குத் தொழுநோயிலிருந்து குணமடைந்த இருவரையும், கிராமப் பணியில் அனுபவமுள்ள செவிலியர் ஒருவரையும் தேடுகிறோம். "டாக்டர்களும் போதகர்களும் இருக்க, இது என்ன புது வழக்கம்?" என்று சில அன்பர்கள் எழுதியிருக்கிறீர்கள். காணிக்கை கொடுப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான்.

வழக்கம் அவ்வளவு புதிதல்ல. அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தைப் பாருங்கள். அன்றாட விசாரணையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டபோது முறுமுறுப்பு உண்டாயிற்று. தெரிந்துகொள்ளப்பட்ட ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்களே. அவர்களில் நிக்கொலா பிறப்பால் யூதரும் அல்ல.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்தனர். ஐடா ஸ்கடரின் தகப்பனார் தேர்ந்த டாக்டராக அருகிலேயே இருந்தார்; ஆண் டாக்டர் என்பதால் அவரை வீட்டார் ஏற்கவில்லை. திறமைக்குக் குறைவில்லை, உள்ளே போகத்தான் வழியில்லை. அதன் விளைவாகவே 1918-ல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி பிறந்தது.

இப்போது நம்முடைய காரியத்துக்கு வருவோம். உணர்ச்சியற்ற பாதத்தில் புண் வராமல் காக்க எம்.சி.ஆர். செருப்பு கொடுக்கிறோம். ரப்பரின் மென்மை எவ்வளவு இருக்க வேண்டும், ஜோடிக்கு என்ன செலவாகும் என்பதெல்லாம் டாக்டரும் கணக்கரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தச் செருப்பைப் பார்த்தே ஊரார் நோயை அடையாளம் கண்டுகொள்வார்கள் என்பதும், அதனால் அது வீட்டு மூலையில் கிடக்கும் என்பதும் அணிந்தவருக்குத்தான் தெரியும். வாரின் நிறமும் அமைப்பும் மாறினால் உங்கள் காணிக்கை கால்களைக் காக்கும். மாறாவிட்டால் பணமும் வீண், பாதமும் வீண். இதைப் பணம் ஒதுக்கும் நாளிலேயே சொல்ல ஒருவர் வேண்டாமா? தொழுநோயால் பாதிக்கப்பட்டோர் 1994-ல் பிரேசிலில் கூடி, 'ஐடியா' என்ற தங்கள் சொந்தச் சர்வதேச அமைப்பையே தொடங்கினார்கள். அவர்களால் நிர்வாகம் செய்ய இயலுமா என்று இனியும் கேட்பது பொருந்தாது.

ஒருவரை மாத்திரம் உட்கார வைத்தால் அவர் பேசாமலே இருந்துவிடக் கூடும், அதனால்தான் இருவர். கூட்டம் தமிழில் நடக்கும். கணக்கும் தீர்மானங்களும் ஒரு வாரம் முன்பே தமிழில் அனுப்பப்படும். தினக்கூலிக்குப் போகிறவர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வர வேண்டியிருக்குமே! ஆகவே பஸ் செலவோடு இழந்த கூலியையும் ஈடுசெய்ய, டிரஸ்டு பத்திரம் அனுமதிக்கும் வழியை வழக்கறிஞரிடம் கேட்டிருக்கிறோம். புகைப்படத்துக்காக யாரையும் அழைக்கவில்லை. அவர்களுக்கும் சமமான வாக்கு, சமமான சட்டப் பொறுப்பு.

இருக்கும் டிரஸ்டிகள் தங்களுக்குத் தெரிந்தவர்களையே சொன்னால் உறவினரும் நண்பருமே வருவார்கள். எனவே சபைகளிலும், கிராம மருத்துவ முகாம்களிலும், சுய பராமரிப்புக் குழுக்களிலும் அறிவிக்கிறோம். நம்மிடம் சம்பளம் பெறுவோரும், நமக்குப் பொருள் விற்போரும், அவர்கள் குடும்பத்தாரும் விண்ணப்பிக்க இயலாது. ஸ்தாபனத்தின் கிறிஸ்தவ நோக்கம் மாறிவிடுமோ என்ற பயம் வேண்டாம். டிரஸ்டு பத்திரத்திலுள்ள நோக்கத்துக்குப் புதியவர்களும் பழையவர்களைப் போலவே கையொப்பமிடுவார்கள்.

உங்களுக்குத் தெரிந்த தகுதியானவர்கள் இருந்தால், அவர்களின் சம்மதத்தைப் பெற்று எங்களுக்கு எழுதுங்கள். தெரிந்தெடுக்கும் குழுவுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.