உங்கள் பெயர் எந்த ஊரில் இருக்கிறது?

மும்பையில் இருபது ஆண்டுகள் வாழ்ந்தும், வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இன்னும் திருநெல்வேலியிலேயே இருக்கிறதா? ஊர்ப்பாசம் தவறன்று. ஆயினும், குடிநீருக்கும் சாக்கடைக்கும் குப்பைக்கும் இங்கே பொறுப்பு மாநகராட்சி அல்லவா? அதன் 227 வார்டுகளுக்கு 2017-க்குப் பின் 2026 ஜனவரியில்தான் தேர்தல் நடைபெற்றது. இத்தனை அரிதாய்க் கிடைக்கும் வாய்ப்பை இழக்கலாமா?

சட்டப்படி ஒருவருடைய பெயர் ஓரிடத்தில் மட்டுமே, அவர் வழக்கமாய்க் குடியிருக்கும் இடத்தில், இருக்கவேண்டும். வாடகை வீடாயினும் தடையில்லை. படிவம் 8 கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். 18 வயது நிறைந்த பிள்ளைகளுக்குப் படிவம் 6 கொடுங்கள். யாருக்கு வாக்களிப்பது என்பதை உங்கள் மனச்சாட்சியே தீர்மானிக்கட்டும். இந்நகரத்திற்காக முழங்காலில் நிற்கிற நாம், வாக்குச்சாவடி வரிசையிலும் நிற்போமாக.