நகரம் அடக்கச் சொல்கிறது... உடம்பு கேட்குமா?

உடம்பில் தானாக எழும் உந்துதல்கள் 14 என்று சித்த மருத்துவம் கணக்குச் சொல்கிறது. தும்மல், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம், மலம், சிறுநீர், இருமல், கண்ணீர் எல்லாம் அதில் அடக்கம். இவற்றுக்கு 'வேகங்கள்' என்று பெயர். வந்தால் வழிவிட வேண்டும், அடக்கினால் நோய். இதுதான் பாலபாடம்.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சென்னையில் ஒருநாள் சுற்றி வந்து பாருங்கள். தாகத்தை அடக்குகிறவர், சிறுநீரை அடக்குகிறவர், தூக்கத்தை அடக்குகிறவர் என்று வழியெல்லாம் ஆள் இருப்பார்கள். நகரத்து நோய் என்றதும் நாம் புகையையும் தூசியையும்தான் சொல்கிறோம். அதுவும் உண்மைதான். ஆனால் நகரம் நம்மை அடக்கிவைக்கப் பழக்குகிறதே, அந்தக் கேடு யார் கண்ணிலும் படுவதில்லை!

தண்ணீர் குடித்தால் தொல்லை!

நீர்க்கடுப்பு என்று வரும் பெண்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்கம்மா?"

பெரும்பாலும் வரும் பதில் இது: "வெளியில போனா குடிக்கவே மாட்டேன் டாக்டர். குடிச்சா போகணும். எங்க போறது?"

ஜவுளிக்கடையில் நிற்கும் பெண், பூ விற்கும் அம்மா, நாலு வீட்டில் வேலை செய்கிறவர், போக்குவரத்துக் காவலர் எல்லோருக்கும் இதே கதைதான். ஆண்கள் ஏதோ ஒரு சுவரைத் தேடிக்கொள்கிறார்கள். பெண்கள் என்ன செய்வார்கள்? தாகத்தை அடக்குகிறார்கள். ஒரு வேகத்தை அடக்கப்போய் இரண்டாகிறது!

உள்ளே நடப்பது என்ன? சிறுநீர்ப்பை பாதி நிறையும்போதே 'போக வேண்டும்' என்ற உணர்வு வந்துவிடும். சுமார் 400 முதல் 500 மில்லி வரை அது தாங்கும். சிறுநீர் வெளியேறும்போது வழியில் ஒட்டியிருக்கும் கிருமிகளையும் கழுவிக்கொண்டு போகிறது. மணிக்கணக்கில் அடக்கினால் அந்தக் கழுவல் நின்று, கிருமி பெருகுகிறது. ஆண்களுக்கு நீர்த்தாரையின் நீளம் சுமார் 20 சென்டிமீட்டர். பெண்களுக்கு வெறும் 4 சென்டிமீட்டர்தான். கிருமி உள்ளே ஏற அவ்வளவு சுலபம்!

கூடவே சென்னை வெயில். உடம்பின் தண்ணீரெல்லாம் வியர்வையாகப் போக, சிறுநீர் கெட்டியாகி மஞ்சளிக்கிறது. அதிலுள்ள உப்புகள் படிந்தால் கல்லடைப்பு. அபானன் என்ற வாயு கீழ்நோக்கித் தள்ளுவதை நாம் தடுத்தால் நீரடைப்பும் எரிச்சலும் வரும் என்று சித்த மருத்துவம் சொல்வதும் இதைத்தான்.

வீடு தள்ளிப்போனால்...

இதற்கும் நகர வளர்ச்சிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா?

2000-ஆம் ஆண்டிலிருந்து கூவம், அடையாறு கரையோரக் குடும்பங்கள் பல, நகருக்கு வெளியே கண்ணகி நகருக்கும், பிற்பாடு பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்டன. மாடி வீடு கிடைத்தது. ஆனால் வேலை? பலருக்கு அது பழைய இடத்திலேயே! நடந்து போய் வந்த பெண்கள் பஸ்ஸில் மணிக்கணக்கில் போகிறார்கள். வாடகைக்குப் பயந்து புறநகருக்குப் போன நடுத்தரக் குடும்பங்களுக்கும் இதே பாடுதான். வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே தூரம் கூடக்கூட, அடக்கும் நேரமும் கூடுகிறது.

குழந்தைகளும் தப்பவில்லை

காலை ஆறரைக்குப் பள்ளிக்கூட வேன். சாப்பிட்டதும் பெருங்குடல் அசைந்துகொடுக்கும். அதுதான் மலம் கழிக்கச் சரியான நேரம். அந்த நேரத்தில் பிள்ளை வேனில் இருக்கிறது! பள்ளிக் கழிவறை அசுத்தமாக இருந்தால் மாலை வரை அடக்குகிறது. இப்படியே போனால் மலக்குடல் விரிந்து, உணர்வே மந்தமாகிவிடும். "பையன் நாலு நாளைக்கு ஒருதடவைதான் போறான்" என்று அம்மா கவலைப்படும்போது, பழக்கம் வேரூன்றியிருக்கும்.

ராத்திரியும் ஆறாத சுவர்

பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட், இரவில் அதைக் கக்குகிறது. ஏரியும் மரமும் போன இடத்தில் குளிர்ச்சி ஏது? மொட்டைமாடிக்குக் கீழ் அறையில் நள்ளிரவு வரை புழுக்கம். போதாததற்குத் தெருவிளக்கும் செல்போன் வெளிச்சமும். தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற சுரப்பு வெளிச்சத்தில் குறைந்துபோகும். தூக்கத்தை அடக்கினால் தலைக்கனமும் கண் சிவப்பும் வரும் என்கிறது சித்த மருத்துவம். ரத்த அழுத்தமும் ஏறும் என்கிறது நவீன மருத்துவம்.

என்ன செய்யலாம்?

* வீட்டைவிட்டுக் கிளம்புமுன் ஒருமுறை, பிறகு மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை சிறுநீர் கழியுங்கள். போகும் வழியில் ரயில், மெட்ரோ நிலையக் கழிவறைகள் எங்கே என்று தெரிந்து வையுங்கள்.
* சிறுநீர் வெளிர் நிறத்தில் போகும் அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள். சீரகத் தண்ணீர், வெட்டிவேர் ஊறிய பானைத் தண்ணீர், நீர்மோர் நல்லது. வாரம் இரண்டு நாள் வாழைத்தண்டு சமையுங்கள். சிறுநீரக, இதய நோயாளிகள் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.
* பிள்ளையை அரைமணி முன்னதாக எழுப்பி, சாப்பிட்டதும் பத்து நிமிடம் கழிவறையில் உட்கார வையுங்கள். அவசரப்படுத்தாதீர்கள்.
* படுக்கையறையில் இருட்டு வேண்டும். செல்போன் அடுத்த அறையில் தூங்கட்டும்!

காய்ச்சலும் குளிரும், விலாவில் வலி, சிறுநீரில் ரத்தம் இருந்தால் கைவைத்தியம் வேண்டாம். உடனே டாக்டரைப் பாருங்கள். கர்ப்பிணிகளும் சர்க்கரை நோயாளிகளும் லேசான எரிச்சலைக்கூட அலட்சியப்படுத்தக் கூடாது.

ஆனால் கழிவறையே இல்லாத இடத்தில் தனி மனிதர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்து என்ன பயன்? கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021-ல் தமிழகத்தில் சட்டத் திருத்தம் வந்தது. ஊழியர்கள் நிற்கும் வலியை வெளியே சொன்னதால்தான் அது பேச்சானது. அதேபோல இதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். வேலை செய்யும் இடத்தில் நாலு பேர் சேர்ந்து கேளுங்கள். குடியிருப்போர் சங்கத்தில், வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள். முதலாளிகளே, 'போய்ட்டு வர்றேன்' என்று சொல்லும் பெண்ணை முறைக்காதீர்கள்!

நாளைக்கு வெளியே கிளம்பும்போது பையில் ஒரு பாட்டில் தண்ணீர் இருக்கட்டும். மாலையில் திரும்பும்போது அது காலியாகவும் இருக்கட்டும்!