பேட்டரியை மாற்றுவதற்கு முன் சார்ஜ் ஏறுகிறதா என்று பாருங்கள்!

விடியற்காலையில் பால் கேனோடு சொசைட்டிக்குக் கிளம்பும் நேரத்தில்தான் பைக் மக்கர் செய்யும். செல்ஃப் பட்டனை அழுத்தினால் 'டிக், டிக்' என்று சத்தம் மட்டும் வரும். 'பேட்டரி போச்சு' என்று கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கி மாட்டுவார்கள். நாலைந்து மாதத்தில் மறுபடியும் அதே தொல்லை. இப்படி அடுத்தடுத்து பேட்டரி படுத்துவிட்டால், பெரும்பாலும் கோளாறு பேட்டரியில் இருக்காது. அதற்குச் சார்ஜ் ஏறும் வழியில் இருக்கும்.

பழைய வண்டியில் பேட்டரி இறங்கினாலும் கிக்கரை உதைத்துக் கிளப்பிவிடலாம். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோலைச் செலுத்தும் பம்ப்பே மின்சாரத்தில்தான் ஓடுகிறது. பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால், தள்ளினாலும் கிளம்பாமல் நின்றுவிடலாம்.

சார்ஜ் எப்படி ஏறுகிறது?

இன்ஜினோடு சேர்ந்து மேக்னெட் சுற்றும்போது காயிலில் ஏ.சி. மின்சாரம் உண்டாகிறது. அதை டி.சி.யாக மாற்றி, பேட்டரிக்கு அளவாக அனுப்புவது ரெகுலேட்டர். மெக்கானிக்குகள் இதை 'ஆர்.ஆர். யூனிட்' என்பார்கள். காயில் கருகினாலும், ஆர்.ஆர். யூனிட் பழுதானாலும், நடுவில் ஒரு கப்ளர் பச்சை பூத்தாலும் சார்ஜ் சரியாக ஏறாது.

மூன்று முறை அளந்து பாருங்கள்

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். மோட்டார் காயில் கட்டும் கடையில்கூட இருக்கும். டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு ஒயரை பிளஸ்ஸிலும் கறுப்பு ஒயரை மைனஸிலும் தொட வேண்டும்.

1. இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் கிளப்புவதற்கு முன்: 12.6 முதல் 12.8 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் உடனே சார்ஜ் ஏற்ற வேண்டும்.

2. செல்ஃப் அடிக்கும்போது: முழு சார்ஜில் உள்ள பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அதற்குச் சத்து போய்விட்டது.

3. இன்ஜின் ஓடும்போது, விளக்கு எரிய, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கி: 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். 12.6-ஐத் தாண்டவில்லை என்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் அளவுக்கு மீறி ஏறுகிறது. தண்ணீர் சீக்கிரம் வற்றி பேட்டரி வெந்துவிடும்.

மூன்றாவது அளவு தவறாக இருக்கும்போது புது பேட்டரி வாங்குவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான். முதலில் கப்ளர், காயில், ஆர்.ஆர். யூனிட் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கெடுவது எதனால்?

இரவில் தண்ணீர் கட்டப் போகிறவர்கள் கூடுதல் விளக்கு மாட்டுவதுண்டு. 55 வாட்ஸ் பல்பு ஒன்று சுமார் 4.6 ஆம்பியர் இழுக்கும். வண்டியை அணைத்துவிட்டு அதை எரியவிட்டால், 5 ஏ.ஹெச். பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. கூடுதல் விளக்கு தேவை என்றால் வாட்ஸ் குறைந்த எல்.இ.டி. போடுங்கள்; ஃபியூஸும் சுவிட்சும் வைத்து மாட்டுங்கள்.

வீட்டுக்கும் வயலுக்கும் மட்டும் ஓடும் வண்டியில், செல்ஃப் எடுத்த சார்ஜ் திரும்ப ஏறுவதற்குள் பயணம் முடிந்துவிடும். வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட்டுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதென்றால் மைனஸ் ஒயரைக் கழற்றி விடுங்கள். இறங்கிய பேட்டரியை அப்படியே போட்டு வைத்தால் தகட்டில் சல்பேட் படிந்து, பிறகு சார்ஜ் பிடிக்காது.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சமையல் சோடா கலந்த தண்ணீரில் துடைத்து, காய்ந்ததும் வாஸ்லின் தடவுங்கள். சோடாத் தண்ணீர் பேட்டரிக்குள் இறங்கக் கூடாது. கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ்.

வெளியே சார்ஜ் போடும்போது, ஏ.ஹெச். அளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர்தான் கணக்கு. 5 ஏ.ஹெச். என்றால் அரை ஆம்பியர். டிராக்டர் பேட்டரியோடு சேர்த்து வேகமாக ஏற்றினால் தகடு வளைந்துவிடும். சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கும் வாயு வரும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது.

வாசகர் கேள்விகள்

பேட்டரிக்குப் போர் தண்ணீர் ஊற்றலாமா?

கூடாது. அதிலுள்ள உப்பு தகட்டைக் கெடுத்துவிடும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும், மேல்கோட்டைத் தாண்டாமல் ஊற்றுங்கள். குறைந்தது தண்ணீர்தான் என்பதால் ஆசிட் சேர்க்க வேண்டாம். சீல் வைத்த பேட்டரியைத் திறக்கவே கூடாது.

பழைய பேட்டரியை என்ன செய்வது?

புதிது வாங்கும் கடையிலேயே கொடுங்கள், விலையில் கழிப்பார்கள். உள்ளே இருப்பது ஈயமும் ஆசிட்டும். உடைத்து வயலிலோ கிணற்றடியிலோ கொட்டினால் மண்ணும் தண்ணீரும் பாழாகும்.