விரிசல் விழுந்த இன்ஜின் கேஸ்

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை விட்டுச் சற்று உள்ளே, ஒரு வீட்டுக் கொல்லையில் பழைய டூ-ஸ்ட்ரோக் ஆட்டோ ஒன்று வருஷக்கணக்காக நிற்கிறது. மேலே போர்த்திய தார்ப்பாய் கிழிந்து நார் நாராகிவிட்டது. ஸ்டார்ட் செய்யக் கையால் இழுக்கும் லீவர் துருவேறி அசைய மறுக்கிறது. வயலுக்கு உரமூட்டை, சந்தைக்குக் காய்கறி, பௌர்ணமிக்கு வெளியூர் ஜனம் என்று தார் ரோட்டில் ஓடியதைவிட மண் பாதையிலும் கல் பாதையிலும் அதிகம் ஓடிய வண்டி. அதை நிறுத்திப் போட்டதற்குக் காரணம், இன்ஜின் கேஸின் அடியில் உள்ளங்கை நீளத்துக்கு ஓடும் ஒரு விரிசல். “கேஸ் போச்சுன்னா இன்ஜினே போச்சு” என்று யாரோ சொல்ல, அதோடு கைவிட்டுவிட்டார்கள். காயலான் கடைக்குப் போகவேண்டிய சரக்குதானா அது? பெரும்பாலும் இல்லை என்பதே என் கட்சி. ஆனால் அந்தத் தீர்ப்பைச் சொல்ல அலுமினியத்தின் குணம் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வண்டியின் பூர்வீகம் இத்தாலி. வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்த கொர்ராதீனோ தஸ்கானியோ, இரண்டாம் உலகப் போருக்குப் பின் சரக்கு ஏற்ற வண்டியில்லாத தெருக்களுக்காக 1948-ல் மூன்று சக்கரம் பொருத்திக் கொடுத்தார். இந்தியாவில் இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகள் செய்ய பஜாஜுக்கு உரிமம் கிடைத்தது 1959-ல். மெக்கானிக்குகளுக்கு இந்த இன்ஜின் மூன்று தலைமுறையாகக் கைப்பழக்கம் என்பதால்தான் பழுதுபார்ப்பது இன்னும் சாத்தியமாக இருக்கிறது.

டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் கேஸ் என்பது ஆயில் நிற்கும் வெறும் பெட்டி அல்ல. அது ஒரு பம்பு. பிஸ்டன் மேலே ஏறும்போது கேஸுக்குள் காற்றழுத்தம் குறைந்து, கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலும் காற்றும் டூ-டி ஆயிலும் கலந்த கலவை உள்ளே இழுபடுகிறது. பிஸ்டன் இறங்கும்போது அதே கலவை அழுந்தி, பக்கத்துவாரம் வழியாக சிலிண்டருக்குப் போகிறது. இந்த அறையில் மயிரிழை விரிசல் இருந்தாலும் வெளிக்காற்று புகுந்துவிடும். காற்று கூடினால் பெட்ரோலின் பங்கு குறையும், அதோடு கலந்து வரும் ஆயிலின் பங்கும் குறையும். எரிதல் சூடு ஏறி, மசகு இல்லாமல் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டு சீஸ் ஆகும். ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியில் கேஸ் விரிசல் பெரும்பாலும் ஆயில் ஒழுக்கோடு நின்றுவிடும். இங்கே அது பிஸ்டனையே பலி வாங்கும். விரிசல் கியர்பாக்ஸ் பக்கச் சுவரில் இருந்தால் அறிகுறி வேறு: கியர் ஆயில் கேஸுக்குள் உறிஞ்சப்பட்டு, சைலன்ஸர் வெள்ளைப் புகையாய்க் கக்கும்.

கேஸ் எப்படி உடைகிறது? அடியில் கல் மோதுவது ஒன்று. இன்ஜினைத் தாங்குகிற போல்ட் தளர்ந்து, ஆட்டம் முழுவதும் கேஸில் போல்ட் பூட்டும் ஒரே தாங்குகாதின் மேல் விழுவது இன்னொன்று. மூன்றாவது, சொல்லவே வருத்தமாக இருக்கிறது, முந்தைய ரிப்பேர். இரண்டு பாதி கேஸையும் பிரிக்க ஸ்க்ரூ டிரைவரை நடுவில் செருகி நெம்பினால் போதும், ஒட்டும் முகத்தில் ஒரு பல் பெயர்ந்து வரும்.

உலகின் மறுகோடியில் வேறொரு மூன்று சக்கரமும் இதே பாடுபட்டது. 1970-ல் ஹோண்டா பலூன் போன்ற டயர்களோடு மணலுக்கும் சேற்றுக்கும் என்றே ஒரு வண்டியை அமெரிக்காவில் இறக்கியது. பின்னால் அதற்கு ஏடிசி 90 என்று பெயர். விபத்துகள் பெருகி, 1988-ல் அரசோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி கம்பெனிகள் அங்கே புதிய மூன்று சக்கர வண்டி விற்பதை நிறுத்தின. புதிது வராததால் பழையதை உயிர்ப்பிக்கும் ஆர்வலர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அந்த ரகத்தில் செயின் அறுந்தால் முன் பல்சக்கரத்தில் சுருண்டு, கேஸின் சுவரைக் குத்திப் பெயர்த்துவிடும். அவர்கள் பட்டறையில் செய்வதும் திருவண்ணாமலை லேத் பட்டறையில் செய்வதும் அடிப்படையில் ஒரே வேலைதான்.

முதல் வேலை, விரிசல் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பது. கண்ணுக்குத் தெரிகிற நீளத்தை நம்பக்கூடாது. கேஸை நன்றாகக் கழுவி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மேல்பரப்பைத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவி வைத்தால் சில நிமிஷத்தில் வெள்ளைப் பொடியில் ஈரக்கோடு ஒன்று தானாக எழும்பும். நுண்ணிய பிளவுக்குள் புகுந்த எண்ணெயை, பொடியின் இடைவெளிகள் தந்துகிக் கவர்ச்சியால் வெளியே இழுக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு ரயில் பட்டறைகளில் அச்சுகளைச் சோதித்த முறை இது. இன்றைய சிவப்புச் சாய ஸ்ப்ரே அதன் வாரிசு.

கோட்டின் இரு நுனியிலும் சிறிய துளை போடவேண்டும். துணியின் கிழிசல் முனையில்தான் மேலும் கிழிகிறது, அல்லவா? உலோகத்திலும் அதேதான். கூரான நுனியில் இழுவிசை பன்மடங்கு குவிகிறது என்பதை இங்கிலாந்துப் பொறியாளர் சார்லஸ் இங்லிஸ் 1913-ல் கணக்குப் போட்டுக் காட்டினார். பிளவின் நுனி எவ்வளவு கூரோ அவ்வளவு ஆபத்து. வட்டத்துளை என்றால் அந்தப் பெருக்கம் 3 மடங்கோடு அடங்கிவிடும். நுனியைச் சரியாகப் பிடிக்காமல் துளை போட்டால் விரிசல் துளையைத் தாண்டி நடந்துகொண்டே இருக்கும். சாக்பீஸ் சோதனையை அவசரப்படாமல் செய்யச் சொல்வது அதனால்தான்.

அடுத்து ஆர்கான் வெல்டிங். அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். சிலிக்கான் கலந்த வார்ப்பு அதற்கும் முன்பே, 580-ஐ ஒட்டி உருகத் தொடங்கும். அதன் மேல் காற்று பட்டதும் படியும் ஆக்சைடு படலமோ 2,000 டிகிரி தாண்டித்தான் உருகும். உள்ளே குழம்பாகிவிட்ட உலோகத்தின் மேல் உருகாத தோல் போர்த்தியிருந்தால் எப்படி ஒட்டும்? இதற்குத்தான் மாறுமின்னோட்டம். மின்னோட்டத்தின் ஒரு பாதிச் சுற்றில் படலம் சிதறி நீங்குகிறது, மறுபாதியில் உலோகத்துக்குள் சூடு இறங்குகிறது. ஆர்கான் வாயு சுற்றி நின்று, காற்று மறுபடி தொடாமல் காக்கிறது. இன்னொரு சங்கடம், அலுமினியம் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிப்பதில்லை. நிறம் மாறாமல் இருந்து திடீரென்று இற்று விழும். கைபழகிய வெல்டர் உலோகத்தின் மினுமினுப்பைப் பார்த்தே நேரத்தைக் கணிக்கிறார்.

பழைய கேஸில் பெரிய எதிரி, ஊறிப்போன ஆயில். அழுத்தத்தில் வார்த்த உலோகத்துக்குள் நுண்குமிழ்கள் இருக்கும். பல வருஷ ஆயில் விரிசல் வழியாக அங்கே குடியேறியிருக்கும். டார்ச் பட்டதும் அது கொதித்துக் கறுப்பாக வெளியே வரும். வெல்டிங் ஓட்டை ஓட்டையாக நிற்கும். அதனால் ‘வி’ வடிவத்தில் விரிசலைக் குடைந்து, கழுவி, கேஸ் முழுவதையும் 150 டிகிரி அளவுக்குச் சூடேற்றி, கசிவதைத் துடைத்து, மறுபடி சூடேற்ற வேண்டும். ஒரு வெல்டிங் பட்டறையில் கேட்டேன். “அண்ணே, வெல்டிங் பத்து நிமிஷ வேலை, சுத்தம் பண்றதுதான் ஒரு நாள் வேலை” என்றார் அங்கிருந்தவர். அந்த ஒரு நாளுக்குக் கூலி கொடுக்க மனம் வராதவர்கள்தான் பிறகு வெல்டிங்கைக் குறை சொல்கிறார்கள். இட்டு நிரப்பும் கம்பியில் 5 சதவீதம் சிலிக்கான் இருப்பது வழக்கம். ஆறும்போது புதிய விரிசல் விழாமல் அது தடுக்கும்.

சூடு பட்ட கேஸ் கோணும். ஒட்டும் முகத்தைச் சமதளப் பலகையில் நீல மை தடவித் தேய்த்துப் பார்த்தால் மேடு பள்ளம் தெரிந்துவிடும். பேரிங் உட்காரும் குழியை லேத்தில் அளக்காமல் பூட்டவே கூடாது. பேரிங்கைச் சுத்தியால் அடித்து ஏற்றுவது இன்னொரு விரிசலுக்கு அழைப்பு. அலுமினியம் சூட்டில் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 62 மில்லிமீட்டர் குழியை அறைச் சூட்டிலிருந்து 80 டிகிரி ஏற்றினால் அது சுமார் 0.1 மில்லிமீட்டர் அகலமாகும். அந்த நேரத்தில் குளிர்ந்த பேரிங் கையோடு உள்ளே இறங்கிவிடும், கேஸ் ஆறியதும் இறுகப் பிடித்துக்கொள்ளும்.

எல்லா விரிசலையும் வெல்டிங் செய்யலாம் என்று நான் சொல்லமாட்டேன். பேரிங் குழியைக் குறுக்கே வெட்டிப் போன விரிசல், துண்டு துண்டாய் நொறுங்கிய தாங்குகாது, இவற்றுக்கு வேறு கேஸ் தேடுவதுதான் நியாயம். எபாக்ஸி பசையை அப்பி விற்பதை என்னால் ஏற்கமுடியவில்லை. வெளிப்புற ஒழுக்குக்கு அது தற்காலிக உதவி; அழுத்தமும் பெட்ரோலும் சூடும் மாறி மாறித் தாக்கும் டூ-ஸ்ட்ரோக் கேஸில் அது ஓட்டுநரின் பிழைப்போடு விளையாடுவது. கேஸை மாற்றுவதில் இன்னொரு சிக்கல், இன்ஜின் நம்பர் அதில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. வேறு கேஸ் போட்டால் ஆர்.சி. புத்தகத்தில் அந்த மாற்றத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்யவேண்டும், இல்லாவிட்டால் எஃப்.சி. காட்டும்போது வண்டி நிற்கும். தாதுவிலிருந்து ஒரு கிலோ புதிய அலுமினியம் பிரித்தெடுக்க 14, 15 யூனிட் மின்சாரம் செலவாகிறது என்பதையும் சேர்த்து யோசித்தால், நல்ல கேஸைக் காயலான் கடையில் எடை போடுவது இரட்டை நஷ்டம்.

இன்ஜினைப் பூட்டியபின், லீவரை இழுக்கும் முன் ஒரு சோதனை. கார்புரேட்டர் வழியையும் சைலன்ஸர் வழியையும் ரப்பர் வைத்து அடைத்து, உள்ளே காற்றை ஏற்றவேண்டும். இதற்கு டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பம்பே போதும். அதன் அளவுகோலில் 300 மில்லிமீட்டர் என்பது கேஸுக்கு ஏற்ற 0.4 பார் அழுத்தம். முள் சில நிமிஷம் இறங்காமல் நிற்கவேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்து, குமிழ் வருவது வெல்டிங் கோட்டிலா, பேக்கிங்கிலா, கிராங்கின் ஆயில் சீலிலா என்று பார்க்கவேண்டும். பல வருஷம் நின்ற வண்டியில் சீலின் ரப்பர் விறைத்துப் போயிருக்கும், அதனால் குமிழ் பெரும்பாலும் அங்கேதான் வரும்.