பென்சிலைக் காணோம், டீச்சர்! வகுப்பில் தினமும் ஒரு “திருட்டு கேஸ்”

போலீஸ் நிலையத்துக்கு ஒரு திருட்டுப் புகார் வந்தது. புகார் கொடுத்தவன் ஆரம்பப் பள்ளி மாணவன். பறிபோன பொருள்:- பென்சில் முனை!

“குற்றவாளி”யையும் கையோடு கூட்டி வந்திருந்தான். கூடப் படிக்கும் பையன்தான். கேஸ் போட்டே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தான். போலீசார் சிரித்தபடியே சமாதானம் பேசி இருவரையும் அனுப்பி வைத்தார்கள்.

இது 2021-ம் ஆண்டு நவம்பர் மாதம் ஆந்திராவில், கர்நூல் மாவட்டத்தில் நடந்தது. அந்த வீடியோ காட்சியை ஆந்திர போலீசாரே வெளியிட்டார்கள்.

அடுத்த ஆண்டு உத்தரபிரதேசத்தில் ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பிரதமருக்கே கடிதம் எழுதினாள். பென்சில் விலை ஏறிவிட்டது, பள்ளிக்கூடத்தில் பென்சிலைத் திருடிவிடுகிறார்கள், புதிது கேட்டால் அம்மா அடிக்கிறாள் என்பது அவளது முறையீடு.

படித்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் ஒன்றாம் வகுப்பு டீச்சர்களுக்குச் சிரிப்பு வராது. இந்தப் பஞ்சாயத்து அவர்களுக்குத் தினமும் உண்டு.

“டீச்சர், என் பென்சிலை இவன் எடுத்துக்கிட்டான்!”

“இல்ல டீச்சர், இது எங்க மாமா வாங்கிக் கொடுத்தது!”

இரண்டும் ஒரே கம்பெனி. ஒரே சிவப்பு-கறுப்புக் கோடு. பள்ளிக்கூட வாசலில் உள்ள ஒரே கடையில் வாங்கியது. எது யாருடையது என்று சொல்ல டீச்சர் என்ன துப்பறியும் சிங்கமா? விசாரணை முடிவதற்குள் பாதி பீரியட் போய்விடும்.

பை சோதனை

சில வகுப்புகளில் எல்லோருடைய பையையும் கவிழ்த்துச் சோதனை போடுகிறார்கள். யாராவது ஒரு பிள்ளையின் பையில் பென்சில் கிடைக்கும். பெரும்பாலும் அது வீட்டில் இன்னொன்று வாங்கித்தர வழியில்லாத பிள்ளையாக இருக்கும். அன்றிலிருந்து அவனுக்குத் “திருடன்” என்று பெயர். பென்சில் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். பெயர் தீராது. எது தொலைந்தாலும் நாற்பது ஜோடிக் கண்கள் அவன் பக்கம்தான் திரும்பும்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் (2009) 17-வது பிரிவு, பிள்ளைகளை அடிக்கவும் கூடாது, மனதை நோகடிக்கவும் கூடாது என்கிறது. நாற்பது பேர் முன்னால் ஆறு வயதுப் பிள்ளையின் பையைக் கவிழ்ப்பது எதில் சேரும்?

பென்சில் போகும் இடம்

உண்மையில் திருட்டு கொஞ்சம்தான். பெஞ்சுக்கு அடியில் உருண்டது, டிராயர் பை ஓட்டையில் நழுவியது, இரவல் கொடுத்து மறந்தது- இவைதான் அதிகம்.

சீவியே தீர்ப்பவர்களும் உண்டு. புத்தகத்தில் வைத்த மயிலிறகு குட்டி போட வேண்டுமானால் பென்சில் சீவலைத் தீனி போடவேண்டும் என்பதும், சீவலைப் பாலில் ஊறவைத்தால் ரப்பர் ஆகும் என்பதும் பல தலைமுறையாக வரும் நம்பிக்கை. (இதைப் படிக்கும் அப்பாக்களில் எத்தனை பேர் பாலை வீணாக்கினார்களோ!)

கீழே விழுந்த பென்சிலுக்கு உள்காயம். வெளியே தெரியாமல் உள்ளே முனை துண்டு துண்டாக உடைந்திருக்கும். சீவச் சீவ விழும். ஆபீஸ் குமாஸ்தா அப்பா சம்பள நாளில் வாங்கித் தந்த பாக்கெட், மாதம் பாதி தாண்டுவதில்லை.

பொது டப்பா

இதற்கு அனுபவமுள்ள டீச்சர்கள் கையாளும் வழி சுலபமானது. பென்சில் யாருக்கும் சொந்தம் இல்லை, வகுப்புக்குச் சொந்தம்!

மேஜை மேல் இரண்டு டப்பா. ஒன்றில் சீவிய பென்சில், இன்னொன்றில் மொட்டை பென்சில். முனை உடைந்தால் மொட்டையை ஒன்றில் போட்டு, கூரானதை மற்றதில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பாடம் நடக்கும்போது ஷார்ப்னருக்கு வேலை இல்லை. சாயந்தரம் இரண்டு பேர் முறை வைத்துச் சீவுகிறார்கள். முழு ரப்பரை இரண்டாக நறுக்கிவிடுகிறார்கள். மணி அடிப்பதற்கு முன் லீடர் எண்ணி ஒப்படைக்க வேண்டும்.

பென்சில் மேல்நுனியில் பட்டையைச் சீவி, பேனாவால் பிள்ளையின் அட்டெண்டன்ஸ் நம்பரை எழுதுவது இன்னொரு வழி. இதில் தொலைந்தது யாருடையது என்று தெரியும். ஆனால் பென்சிலே இல்லாமல் வந்த பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மாறாது. அந்த வகையில் பொது டப்பாவே மேல்.

ஆட்சேபணை

எல்லாப் பெற்றோரும் இதற்குச் சம்மதிப்பதில்லை. “எங்க பொண்ணுக்கு வாங்கின பென்சிலை ஊரான் புள்ளைக்கு ஏன் கொடுக்கணும்?” என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. பொம்மை வைத்த பென்சில், மினுமினுப்பு பென்சில் எல்லாம் வீட்டோடு இருக்கட்டும் என்று டீச்சர்கள் சொல்லிவிடுகிறார்கள். பென்சிலைக் கடிக்கும் பிள்ளைகள் விஷயம்தான் சங்கடம். கடித்தவனுக்கே அதைப் பட்டா போட்டுக் கொடுத்துவிட வேண்டியதுதான்!

டப்பா காலியானால் பல இடங்களில் டீச்சரின் கைப்பைதான் திறக்கிறது. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் மொத்தமாக வாங்கினால் கொஞ்சம் மிச்சமாகும். 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் பென்சில், ரப்பர், ஷார்ப்னர், நோட்டுக்கு ஜி.எஸ்.டி. வரி கிடையாது. பென்சிலுக்கு அதற்கு முன் 12 சதவீதம் இருந்தது. இதைக் கடையில் கேட்டு வாங்கினால் தப்பில்லை.

இத்தனை ஏற்பாடு இருந்தும் சாயந்தரம் கணக்கில் ஒன்று குறையத்தான் செய்கிறது. லீடர் மறுபடி எண்ணுவான். வகுப்பே குனிந்து பெஞ்சுக்கு அடியில் தேடும். கடைசியில் எவனாவது கண்டுபிடித்துக் கத்துவான்:-

“டீச்சர், லீடர் காதுல இருக்கு!”