சிகாகோவுக்கு ரயிலேறியவர்கள்

பிறந்த மண்ணை விட்டுப் போகாதே என்று உபதேசிப்பது எளிது. உபதேசிப்பவருக்கு அந்த மண்ணில் காணியும் வீடும் இருந்துவிட்டால் இன்னும் எளிது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் மாகாணங்களில் வாழ்ந்த கறுப்பு ஜனங்கள், 1916-ம் வருஷம் தொடங்கி வடக்கேயுள்ள தொழில் நகரங்களை நோக்கிக் கூட்டங்கூட்டமாகப் புறப்பட்ட காலத்தில் இந்த உபதேசத்தை வேண்டிய மட்டும் கேட்டார்கள். நிலச் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். தென்னாட்டு வெள்ளைக்காரப் பத்திரிகைகள் எழுதின. அந்த ஜனங்களின் பெரியோர்களிலேயே சிலர் சொன்னார்கள். புக்கர் வாஷிங்டன் என்னும் பிரசித்தி பெற்ற கல்விமான் 1895-ல் அட்லாண்டா நகரில் செய்த பிரசங்கத்தின் ஸாரமும், இருக்குமிடத்திலேயே உழைத்து முன்னேறுங்கள் என்பதுதான். ஆயினும் ஜனங்கள் போனார்கள். 1970 வரையில் ஏறக்குறைய 60 லட்சம் பேர் போனதாகக் கணக்கு.

ஏன் போனார்கள்? அடிமைத்தனம் 1865-ல் சட்டப்படி ஒழிந்தது. ஒழிந்த பின் அவர்களுக்குக் கிடைத்தது நிலமல்ல, வாரக் குடித்தனம். விதை, ஏர், மாடு, உணவு யாவும் நிலச் சொந்தக்காரரிடம் அல்லது அவருக்கு வேண்டிய கடையில் கடன். கணக்கு எழுதுவதும் அவரே, பருத்திக்கு விலை போடுவதும் அவரே. வருஷக் கடைசியில் குடியானவன் பேரில் பாக்கி நிற்கும். கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்பவன் உயிருக்கு உத்தரவாதமில்லை. விசாரணையின்றி மனிதனைப் பிடித்துக் கொல்லும் லிஞ்சிங் என்னும் கொடுமை அங்கே சர்வ சாதாரணம். மிஸிஸிப்பி மாகாணம் 1890-ம் வருஷத்து அரசியல் சட்டத்தால், தலைவரி என்றும் எழுத்தறிவுப் பரீக்ஷை என்றும் சொல்லி, வோட்டையும் பறித்தது. இவ்வளவுக்கும் மேலாக, மெக்ஸிகோவிலிருந்து 1892-ல் டெக்ஸாஸில் நுழைந்த கூன்வண்டு, பருத்திக் காயைத் துளைத்துக்கொண்டே வருஷா வருஷம் கிழக்கே பரவிற்று. 1914-ல் ஐரோப்பிய யுத்தம் மூண்டதும் அங்கிருந்து கப்பலேறி வந்துகொண்டிருந்த தொழிலாளர் வரத்து நின்றது. சிகாகோவின் இறைச்சிச் சாலைகளுக்கும் உருக்காலைகளுக்கும் ஆள் வேண்டியிருந்தது. தெற்கே வயலில் நாளொன்றுக்கு ஒரு டாலர் கூலியே அதிகம். வடக்கே அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு கிடைத்தது.

இந்த யாத்திரையில் ஒரு பத்திரிகையின் பங்கு நமக்கு விசேஷ அக்கறை தருவது. ராபர்ட் அபட் என்பவர் ஜார்ஜியாவில் பிறந்தவர். அச்சுத் தொழில் கற்றவர். சிகாகோவில் சட்டமும் படித்தார். நிறத்தின் காரணமாக வக்கீல் தொழிலில் இடம் பெற முடியவில்லை. 1905-ல், குடியிருந்த வீட்டிலேயே, கையில் 25 சென்ட்டை வைத்துக்கொண்டு, 300 பிரதிகளுடன் 'சிகாகோ டிபெண்டர்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். (நமது வக்கீல்களில் கட்சிக்காரர் கிடைக்காமல் பத்திரிகைக்கு வந்தவர்களைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியதில்லை.) புல்மன் ரயில் வண்டிகளில் ஊழியம் செய்த கறுப்புச் சிப்பந்திகள் அதைக் கட்டுக் கட்டாகத் தெற்கே கொண்டுபோனார்கள். சர்ச்சிலும் நாவிதர் கடையிலும் ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டனர். அபட் ஆதியில் இந்தக் குடிபெயர்ச்சியை ஆதரிக்கவில்லை. பிறகு 1917 மே 15-ந் தேதியையே வடக்கே புறப்படும் நாளாகப் பிரகடனம் செய்யும் அளவுக்கு அபிப்பிராயம் மாறிவிட்டது.

தென்னாட்டு அதிகாரிகள் சும்மா இருக்கவில்லை. பத்திரிகையைப் பறிமுதல் செய்தார்கள். டிக்கெட் கொடுக்க மறுத்தார்கள். ரயிலிலிருந்து இழுத்து இறக்கினார்கள். ஆள் சேர்க்கும் ஏஜெண்டு எவனும் 25,000 டாலர் கட்டி லைசென்ஸ் பெறவேண்டும் என்று ஜார்ஜியாவிலுள்ள மேக்கன் நகரசபை விதித்தது. பாதிரிமார், ஆலை முதலாளிகள், வியாபாரிகள் ஆகியோரின் சிபார்சும் கொண்டுவர வேண்டுமாம்! இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணி ஆள் பிடித்ததைக் கண்ட நமக்கு இது விநோதமாகத் தோன்றும். இங்கே போகச் செய்வதற்கு முன்பணம். அங்கே போகாமலிருக்கச் செய்வதற்குச் சட்டம். இரண்டிலும் உழைப்பவனுடைய இஷ்டத்தை யாரும் கேட்கவில்லை.

வேலை கேட்டு அக்காலத்தில் தெற்கிலிருந்து எழுதப்பட்ட கடிதங்களை எம்மெட் ஸ்காட் என்னும் அறிஞர் திரட்டி 1919-ல் வெளியிட்டார். எழுத்துப் பிழை மலிந்த அக்கடிதங்களில் யாசகம் இல்லை. எனக்கு இன்ன வேலை தெரியும், குழந்தைகளைப் படிக்கவைக்க வேண்டும், ரயில் சத்தம் கிடைத்தால் கூலியில் கழித்துக்கொள்ளலாம் என்றே எழுதுகிறார்கள். தயவு செய்து என் பெயரைப் பத்திரிகையில் போடாதீர்கள் என்று சிலர் கெஞ்சுகிறார்கள். அந்த ஒரு வரியே தென்னாட்டு ஆட்சியின் லக்ஷணத்தைக் காட்டப் போதும்.

போய்ச் சேர்ந்த இடம் சுவர்க்கமா? 1910-ல் 44 ஆயிரமாயிருந்த சிகாகோவின் கறுப்பு ஜனத்தொகை 1920-ல் 1 லட்சத்து 9 ஆயிரம் ஆயிற்று. நகரின் தென்பாகத்தில் ஒரு குறுகிய பட்டையில் அத்தனை பேரும் அடைபட்டனர். இதில் சட்டத்தின் கைவேலையைக் கவனிக்க வேண்டும். இன்ன தெருவில் இன்ன நிறத்தார் வசிக்கலாகாது என்று நகரசபை விதி செய்வது செல்லாது என 1917-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. உடனே வெள்ளையர், நகரசபை செய்ய முடியாததைப் பத்திரத்தில் எழுதிக்கொண்டார்கள். எங்கள் வீட்டைக் கறுப்பருக்கு விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை என்று அண்டை வீட்டார் தமக்குள் ஒப்பந்தம்! அத்தகைய ஒப்பந்தத்தைக் கோர்ட்டுகள் அமல் நடத்தலாகாது என்று சொல்ல 1948 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. பத்திரத்துக்கு அடங்காதவர்களின் வீட்டு வாசலில் வெடிகுண்டு விழுந்தது. 1919 ஜூலை 27-ந் தேதி, ஏரிக்கரையில் கண்ணுக்குத் தெரியாத நிற எல்லையைத் தாண்டி மிதந்துபோன 17 வயதுச் சிறுவன் யூஜின் வில்லியம்ஸ், கல்லெறிக்கு ஆளாகி மூழ்கி இறந்தான். அதையொட்டி மூண்ட கலகத்தில் 23 கறுப்பரும் 15 வெள்ளையரும் மாண்டனர்.

அப்படியானால் வாருங்கள் என்று அழைத்த பத்திராதிபர் செய்தது சரியா? சிகாகோவை அவர் சற்று மெருகேற்றியே காட்டினார் என்பதை நாம் மறுக்கவில்லை. வந்திறங்கியவர்களுக்கு, அழுக்கு உடையுடன் டிராமில் ஏறாதீர்கள், தெருவில் உரக்கப் பேசாதீர்கள் என்று பட்டியல் போட்டு அவர் பத்திரிகை புத்தி சொன்னதில், முன்னே வந்து நிலைத்தவர்களின் மிடுக்கும் கொஞ்சம் வீசுகிறது. ஆனால் கலகத்துக்குப் பிறகும் வருகிறவர்கள் நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குண்டு விழும் தெருவையும் அறிந்து, விட்டுவந்த வயலையும் அறிந்தவர்கள் சீர்தூக்கிப் பார்த்துச் செய்த முடிவு அது. வடக்கே வோட்டு இருந்தது. 1928-ல் அவர்களில் ஒருவரான ஆஸ்கர் டி பிரீஸ்டைச் சிகாகோ காங்கிரஸ் மகாசபைக்கு அனுப்பிற்று. அதுவரை வட மாகாணங்களிலிருந்து கறுப்பு அங்கத்தினர் எவரும் அங்கே சென்றதில்லை. போனவர்கள் போனதால் தெற்கே எஞ்சியவர்களின் கூலியும் பல இடங்களில் உயர்ந்தது. இருக்குமிடத்திலேயே இருந்து விண்ணப்பம் போட்டிருந்தால் இது நடந்திருக்கும் என்று நம்ப நமக்கு ஆதாரம் அகப்படவில்லை.

அபட் 1940-ல் காலமானார். சிகாகோவின் பெரிய கால்நடைக் கொட்டடி 1971-ல் மூடப்பட்டது. அவருடைய பத்திரிகை 2019 ஜூலையில் அச்சை நிறுத்தி இணையத்துக்கு மாறிற்று. 1970-களிலிருந்து, போனவர்களின் மக்களும் பேரர்களும் அட்லாண்டா முதலிய தென்னாட்டு நகரங்களுக்கு வேலை தேடித் திரும்பி வருகிறார்கள். 1965-ம் வருஷத்து வோட்டுரிமைச் சட்டத்துக்குப் பிற்பட்ட தெற்கு அது.